ஆமா போட ஓர் இடம்

சிரிப்புக்காரனாக வேண்டும் என்றுதான் வில்லுப்பாட்டுக்கு வந்தேன். எங்கள் நாஞ்சில் நாட்டில் வில்லுக் குழுவை நடத்துகிறவரை அண்ணாவி என்போம். வில்லுக்கு நேரே உட்கார்ந்து கதையைப் பாடிச் சொல்கிறவர் அவர். அவருக்கு இடப்பக்கம் ஒருவர் இருப்பார். வரிக்கு வரி ‘ஆமா’ போடுவார், நடுநடுவே குறுக்குக் கேள்வி கேட்பார், கூட்டம் குலுங்கிச் சிரிக்கும். அந்த இடத்தின் மேல்தான் எனக்கு ஆசை. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் அண்ணாவியின் வீட்டுத் திண்ணையில் வெற்றிலைபாக்கு வைத்துக் கும்பிட்டு, ஆட்களைச் சிரிக்க வைக்கக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டேன்.

“ஒழுகினசேரிக்காரரு பொறந்த மண்ணு மக்கா இது. அந்த வார்த்தைய லேசாச் சொல்லாத. மொதல்ல கோலப் பிடி” என்றார்.

ஒழுகினசேரிக்காரர் என்று அவர் சொன்னது கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை. 1908 நவம்பர் 29 அன்று நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். சினிமாவில் பெரிய பேர் எடுப்பதற்கு முன்னால், நாடகத்துக்கும் முன்னால், வில்லுப்பாட்டில்தான் அவர் மேடை ஏறினார். இது எங்கள் ஊரில் வில்லுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கோ அப்போது அவர் கறுப்பு வெள்ளைப் படத்தில் சிரித்துக்கொண்டே வரும் ஒரு முகம், அவ்வளவுதான்.

கோல் என்றால் வீசுகோல். சலங்கை கோத்த மரக்கோல், கைக்கு ஒன்று. வில் ஓர் ஆள் நீளத்துக்கும் அதிகம். வயிரம் பாய்ந்த பனங்கட்டை, இரண்டு முனையிலும் பூண், வளைவு நெடுக மணிகள். தோலை முறுக்கி இழுத்துக் கட்டிய நாண் மேலே பார்த்திருக்க, வில்லின் முதுகை மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்து நிறுத்தியிருப்பார்கள். நாணில் கோல் விழுந்தால் வில் அதிரும், மணிகள் எல்லாம் சேர்ந்து பேசும். பார்ப்பதற்கு எவருக்கும் வந்துவிடும் வேலை போலத்தான் தெரியும்.

நான் கோலை இறுக்கிப் பிடித்து ஓங்கி அடித்தேன். சத்தம் வந்தது, நாதம் வரவில்லை. நாணில் பட்ட கோல் பட்ட வேகத்திலேயே எழும்ப வேண்டும். இறுக்கிப் பிடித்தால் அது நாணிலேயே படுத்துக்கொள்கிறது, மணிகளும் வாயடைத்துப் போகின்றன. கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடிக்கச் சொன்னார் அண்ணாவி. நசுங்கவும் கூடாது, நழுவவும் கூடாது. அடுத்த நாள் தளர்த்திப் பிடித்தேன், கோல் பறந்து போய் முற்றத்துத் துளசி மாடத்தில் விழுந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்து, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். மழைக்காலத்தில் நாண் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். நேற்று கைவந்த அடி இன்றைக்குக் கைவராது. நாண் எப்படி இருக்கிறதோ அதற்கு ஏற்பக் கை இறங்க வேண்டும் என்பது புத்திக்கு உடனே புரிந்தது. மணிக்கட்டுக்குப் புரியப் பல மாதம் ஆனது.

அதற்குப் பிறகும் இடப்பக்கம் கிடைக்கவில்லை. குடத்தில் உட்கார வைத்தார். இடது கையால் வில்லையும் குடத்தையும் அசையாமல் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருக்கும் மட்டையால் குடத்தின் வாயில் தட்ட வேண்டும். மட்டை சரியாக விழுந்தால் உள்ளிருந்து எழும் காற்று விரல் நுனியில் வந்து மோதும், அடிவயிற்றில் ‘கும்’ என்று கேட்கும். சரியாக விழாவிட்டால் குடத்தின் விளிம்பு ‘டக்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். அண்ணாவி எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே குடம் அமுங்க வேண்டும். அவர் மூச்சு வாங்குவதைக் காதால் கேட்க முடியாது, தோள்பட்டை ஏறுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிரிக்க வைக்க வந்தவனை எதற்குக் குடத்தில் கட்டிப்போட்டிருக்கிறார் என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன். இன்னொருவர் மூச்சைக் கவனிக்க அங்கேதான் பழகினேன் என்பது ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.

இடப்பக்கத்தில் முதன்முதலாக உட்கார்ந்தது ஒரு சுடலைமாடன் கோயில் கொடை விழாவில். வழக்கமாக உட்காருகிறவருக்குக் காய்ச்சல். காப்பு விருத்தம் பாடி, வருபொருள் சொல்லி, குருவடி பாடி, அவையடக்கம் முடிந்து, நாட்டு வளம் வரைக்கும் ஒழுங்காகவே போனது. கதை தொடங்கியதும் நான் குரலை இழுத்தும் நெளித்தும் ‘ஆமா’ போட ஆரம்பித்தேன். அண்ணாவி வரியை முடிப்பதற்குள் என் ஆமா அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. முன்வரிசையில் இருந்த சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்கு ஊக்கம் வந்துவிட்டது. சாமி பிறக்கிற கட்டம் வந்தது. பந்தலுக்குள் இருந்த பெண்கள் குலவை போடத் தயாராக வாயில் கை வைத்திருந்தார்கள். அங்கேயும் நான் ஒரு கோணல் ஆமாவைப் போட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. குலவை எழும்பவேண்டிய நேரம் கலைந்து போயிற்று. அண்ணாவி என் பக்கம் திரும்பவே இல்லை. வீசுகோலை இரண்டு சுற்று வேகமாக ஓடவிட்டு, அதே வரியை முதலிலிருந்து எடுத்துப் பாடி, குலவையை மீட்டுக் கொண்டுவந்தார்.

விடிந்த பிறகு, பந்தலுக்குப் பின்னால் சுக்குக்காப்பி குடிக்கும்போது சொன்னார்: “ஆமா போடுதவன் சிரிப்புக்காரன் இல்ல மக்கா. கேக்குதவன். கூட்டத்துல இருக்க அத்தன பேருக்காவயும் நீதான் கத கேக்குத. நீ கேக்கலன்னா அவுங்க யாரும் கேக்கமாட்டாங்க.”

அப்புறம்தான் கலைவாணரை எனக்குப் பாடமாக வைத்தார். ‘நல்லதம்பி’ ஒளிநாடாவை வாடகைக்கு எடுத்து வரச் சொன்னார். 1949இல் வந்த படம், அண்ணா எழுதியது, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கியது. அதில் வருகிற கிந்தனார் காலட்சேபத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். நந்தனார் கதையின் அச்சிலேயே வார்த்த புதுக்கதை அது. நந்தனார் தில்லைக்குப் போகத் தவித்தது போலக் கிந்தன் படிப்பதற்காகப் பட்டணம் போகத் தவிக்கிறான். நான் கலைவாணரின் கண் உருட்டலையும் குரல் ஏற்ற இறக்கத்தையும் மனப்பாடம் செய்தேன். மறுநாள் அப்படியே நடித்தும் காட்டினேன். அண்ணாவி முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“நீ அவரப் பாத்திருக்க. அவரு யாரப் பாக்காருன்னு பாத்தியா?”

மறுபடி போட்டுப் பார்த்தேன். வேறு படங்களிலிருந்து நடிகை டி.ஏ.மதுரத்தோடு அவர் வருகிற காட்சிகளையும் தேடிப் பார்த்தேன். மதுரம் மடக்கிக் கேள்வி கேட்கும்போது கலைவாணர் ஒன்றுமே செய்வதில்லை. நின்று கேட்கிறார். கேள்வி அவருக்குள் இறங்குவது நமக்குத் தெரிகிறது. பதில் வருவதற்கு முன்னாலேயே நாம் சிரித்துவிடுகிறோம். அந்த இடைவெளியை அவர் வில்லடியில் கற்றிருக்க வேண்டும் என்பது அண்ணாவியின் கட்சி. நானும் இப்போது அந்தக் கட்சிதான். மற்றவர் படங்களுக்குத் தம் நகைச்சுவைப் பகுதியைத் தாமே யோசித்து, தம் குழுவை வைத்துத் தனியாக எடுத்துக் கொடுத்த ஜோடி அவர்கள். படத்தின் கதை எங்கேயோ போய்க்கொண்டிருக்கும், இவர்கள் இருவரும் அதற்குள் தனியாக ஒரு வில்லுப்பாட்டு நடத்திவிட்டுப் போவார்கள்.

இன்னொரு திருத்தத்தையும் சொல்ல வேண்டும், அது இன்றைக்கும் என் நோட்டில் இருக்கிறது. அடுத்த கொடைக்கு என்று சில வேடிக்கைகளை எழுதிக்கொண்டு போனேன். அவற்றில் ஒன்று திக்கித்திக்கிப் பேசுகிற ஒருவரைப் பற்றியது. அண்ணாவி படித்துவிட்டுப் பேனாவை வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டார். கலைவாணர் குடியைக் கேலி செய்தார், மூடப் பழக்கத்தைக் கேலி செய்தார், சாதித் திமிரைக் கேலி செய்தார். உடம்பில் ஒரு குறை இருக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால் சபையில் அப்படி ஒருவன் உட்கார்ந்திருப்பான், அவன் அன்றோடு வில்லுக் கேட்க வரமாட்டான் என்றார். கோட்டுக்குக் கீழே வேறொன்றை எழுத எனக்கு ஒரு மழைக்காலமே ஆனது. அடித்துப் போட்டது சுலபமாக வந்தது, அதற்குப் பதிலாக வந்தது அப்படி வரவில்லை.

ஆமா பிடிபட்டது ஓர் ஒத்திகையில். அண்ணாவி புதிதாக ஒரு ராசா கதையை எடுத்திருந்தார், எனக்கு முன்பின் தெரியாத கதை. ராசா மகன் ஏழு கடலையும் ஒரே நாளில் தாண்டிவிட்டான் என்று பாடினார். என் ஆமா வரவேண்டிய இடத்தில் வரவில்லை. எப்படித் தாண்டியிருப்பான் என்று உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணாவி என்னைப் பார்த்தார். “ஆமா...?” என்றேன், பாதி நம்பிக்கையும் பாதி சந்தேகமுமாக. குடத்துக்காரர் சிரித்துவிட்டார். ஜால்ராக்காரர் தாளத்தை விட்டுவிட்டார். வாசலில் மீன் கொண்டுவந்து நின்ற அம்மா, கூடையை இறக்காமலே சிரித்தார். அண்ணாவி பாராட்டவில்லை. ஆனால் அடுத்த கொடையில் அதே வரி வந்தபோது, அவருடைய வலது கைக் கோல் நாணைத் தொட்டபடி ஓர் அடி நேரம் எழும்பாமல் நின்றது. எனக்காக விட்ட இடம் அது. அதில் என் சந்தேகத்தை வைத்தேன். பந்தல் முழுதும் சிரித்தது. அவர் கை நின்ற அந்த ஓர் அடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சொந்தமாக ஒரு கதை கட்டிப் பாடினால்தான் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு. கலைவாணர் கதையையே கட்டச் சொன்னார். கலைவாணரே காந்தி மகான் கதையை வில்லில் பாடியவர். அதை எழுதிக் கொடுத்தவர் சுப்பு ஆறுமுகம். திருநெல்வேலிப் பக்கத்து இளைஞரான அவரைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போய் வில்லுக்கே ஒரு வாரிசு ஆக்கியவரும் கலைவாணர்தான். அந்த மனிதரின் கதை வில்லில் ஏறுவது நியாயம்தான் என்று உற்சாகமாக உட்கார்ந்து எழுதினேன்.

முதல் எழுத்து முழுக்க ஆண்டுக் கணக்கு. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன், டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு, 1935இல் ‘மேனகா’, 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’, ‘வசந்தசேனா’ படத்துக்காகப் புனே போன பயணத்தில் மதுரத்தின் அறிமுகம், பிறகு கல்யாணம். எல்லாம் வரிசையாக, எதுகை மோனையோடு இருந்தது. அண்ணாவி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். “எல்லாம் சரி மக்கா. இதுல ஆமா எங்க போடுவான்?” என்றார்.

பார்த்தேன். போடுவதற்கு இடமே இல்லை. ஒவ்வொரு வரியும் தானே கேட்டுத் தானே பதில் சொல்லி முடிந்திருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். கொட்டகையில் தின்பண்டம் விற்கிற பையன் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்களுக்கு நடுவில் போகிறான், கண் மேடை மேலே இருக்கிறது என்று நிறுத்தினேன். இடப்பக்கத்துக்காரன் “அப்பம் காசு வாங்குனானா இல்லியா?” என்று கேட்கலாம். அங்கே கதைக்கு உயிர் வந்தது. இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் எதைச் சொல்லாமல் விடுவது என்று தேடித்தேடிக் கட்டினேன்.

சிறைக் கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். 1944 நவம்பரில் சென்னையில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். டிசம்பரில் எம்.கே.தியாகராஜ பாகவதரையும் கலைவாணரையும் கைது செய்தார்கள். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு தோற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய், 1947 ஏப்ரலில்தான் விடுதலை. புகழின் உச்சியில் இருந்த சிரிப்பு நடிகருக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு அப்படிப் போனது. இதில் இடப்பக்கத்துக்காரன் எதைக் கேட்பான்? வேடிக்கை வைத்தால் பாவம். வைக்காவிட்டால் கதை கனத்துப் போய், கூட்டம் முறுக்கு வாங்க எழுந்து போகிறது. விருத்தமாகப் பாடிப் பார்த்தேன், அழுகை மிகுந்துபோயிற்று. உடுக்கையை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தேன், பேய்க்கதை மாதிரி ஆனது. பாகவதரின் பாட்டுச் சாயலில் ஒன்று கட்டினேன், கதை அவர் பக்கம் போய்விட்டது. எழுதியதெல்லாம் குப்பைக்குப் போனது. இந்தக் கட்டத்தையே விட்டுவிடலாமா என்று கேட்கப் போனேன்.

அண்ணாவி ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் வில்லை எடுத்து வைத்தார். என்னை நடுவில் உட்காரச் சொன்னார். அவர் போய் இடப்பக்கம் உட்கார்ந்தார். கை நடுங்கிக்கொண்டே கோலை எடுத்துப் பாடினேன். தீர்ப்பு வந்தது, கதவு சாத்தியது என்கிற இடத்தில் என் வரிகள் தீர்ந்துவிட்டன. கோல் மட்டும் நாணில் போய்க்கொண்டிருந்தது. அண்ணாவி ஆமா போடவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, “அப்பம் வெளிய நின்னாளே, அந்தப் பொண்ணு என்ன செஞ்சா?” என்றார்.

கதவுக்கு உள்ளேயே நின்று முட்டிக்கொண்டிருந்தவனுக்கு வழி வெளியில் கிடந்தது. மதுரம் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வழக்குக்குப் பணம் வேண்டும், நாடகக் குழு கலைந்துவிடக் கூடாது. நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகங்களை நடத்தினார். ‘பைத்தியக்காரன்’ படத்தைத் தொடங்கினார். கலைவாணர் விடுதலையாகி வந்தபோது அந்தப் படத்தில் அவருக்கும் ஓர் இடம் காத்திருந்தது. 1947இலேயே படம் வெளியாயிற்று. அத்தனை நாளும் சினிமாவில் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்ட பெண், எதிரில் பதில் சொல்ல ஆள் இல்லாத நாளில் தானே கதையை நடத்திக்கொண்டு போயிருக்கிறார். அன்று இரவே அந்தக் கட்டம் முழுவதையும் எழுதி முடித்தேன், மறுநாள் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

கிராம நூலக ஆண்டு விழாவில் அதைப் பாடினோம். அண்ணாவி அன்றைக்கும் என் இடப்பக்கம் உட்கார்ந்தார். அவருடைய வயதுக்கும் பெயருக்கும் அது சின்ன காரியமில்லை. சபையில் இருந்த மற்றக் குழுக்காரர்களும் அதைக் கவனித்தார்கள். பையன் காசு வாங்கினானா என்ற கேள்விக்கு அண்ணாவி முகத்தைத் திருப்பிய திருப்பிலேயே கூட்டம் எங்களுடையதாயிற்று. சிறைக்கதவு சாத்தும் கட்டத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை. மதுரத்தின் கட்டத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஓர் ஆமா வந்தது. எனக்கும் கேட்டது, அண்ணாவிக்கும் கேட்டது.

வாழி பாடி இறங்கியதும் அவர் சொன்னது: “படம் எடுத்த கட்டம் வறண்டு கெடக்கு.” அது உண்மை. 1951இல் ‘மணமகள்’, 1952இல் ‘பணம்’ என்று கலைவாணர் இயக்குநராக நின்ற பகுதியைப் பெயர்ப்பட்டியலாக ஓட்டிவிட்டிருந்தேன். இப்போது அதைத்தான் பிரித்துக் கட்டுகிறேன். ‘மணமகள்’ படத்தில் பத்மினியைக் கதாநாயகி ஆக்கினார். ‘பராசக்தி’ வந்த சில வாரங்களிலேயே அதே சிவாஜியை வைத்து ‘பணம்’ வந்தது. விசுவநாதன்–ராமமூர்த்தி இரட்டையராகச் சேர்ந்து இசையமைத்த முதல் படமும் அதுதான். இரண்டுக்கும் வசனம் மு.கருணாநிதி. அடுக்குத் தமிழ் நெடுநெடுவென்று ஓடுகிற வசனம். அதை இன்னொருவர் பேச, ஒரு சொல்லிலேயே சபையை மடக்கிவிடத் தெரிந்த மனிதர் காமிராவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இடப்பக்கத்துக்காரன் கேட்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது, அந்தக் கேள்வியின் வாசகம் இன்னும் சரியாக விழவில்லை. “அவ்வளவு பேச்சையும் அவரு சும்மா கேட்டுட்டா நின்னாரு?” என்று எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம். 1957 ஆகஸ்ட் 30இல் முடிந்துபோன வாழ்க்கையில் இந்தக் கட்டத்துக்குப் பிறகு அதிக வருஷம் இல்லை என்பதால், இங்கே தளர்ந்தால் வாழி வரைக்கும் தளர்ந்துவிடும்.

ஆடிக் கொடைகள் முடிந்ததும் மறுபடி ஒத்திகை. அண்ணாவி இடப்பக்கம் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.